ஒரு பேருக்குள்ள ரெண்டு பேரு

ரெண்டு பேர் சேர்ந்து ஒரு காதல் நாவல் எழுதினா அட்டையில யார் பேரு வரும்?

கேட்க சின்னக் கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனா இதைப் பிடிச்சு இழுத்தா தமிழ்ல அறுநூறு வருசத்துக்குப் பின்னாடி வரைக்கும் நூல் போகுது மக்களே. அந்த நூலோட ஒரு முனை எங்க விழுப்புரத்துக்குப் பக்கத்துலயே கட்டியிருக்குன்னு போன மாசம்தான் உறைச்சுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துடுங்க :)

திருவாமாத்தூர்னு ஒரு ஊர். விழுப்புரத்துலேர்ந்து டவுன் பஸ் ஏறினா உக்காந்த சூடு ஆறுறதுக்குள்ள இறங்கிடலாம். அபிராமேஸ்வரர் கோயில் அங்க பிரபலம். தேவாரம் பாடின மூணு பேருமே வந்து பாடின இடம். பக்கத்துல பம்பை ஆறு. மழை வந்தா மட்டும் அதுக்கு ஆறுன்னு ஞாபகம் வரும். இந்த ஊர் மேல 'திருவாமாத்தூர்க் கலம்பகம்'னு ஒரு நூல் இருக்கு. எழுதினது ஒரு ஆள் இல்ல, ரெண்டு பேர். இளஞ்சூரியர், முதுசூரியர். சேர்த்து இரட்டைப் புலவர்கள்.

கதை பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ஒருத்தருக்குக் கண் தெரியாது, இன்னொருத்தருக்கு நடக்க முடியாது. கண் தெரியாதவர் தோள்ல நடக்க முடியாதவர் உக்காந்து வழி சொல்ல, ரெண்டு பேரும் ஊர் ஊராப் போய்ப் பாடினாங்க. பாடுறதுலயும் அதே பங்காளி ஏற்பாடுதான். ஒருத்தர் பாட்டோட முதல் பாதியை எடுத்து விடுவார், மிச்சப் பாதியை மத்தவர் முடிப்பார். சாஃப்ட்வேர்ல 'பேர் புரோகிராமிங்'னு ஒண்ணு சொல்லுவாங்க. ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு ஆள். ஒருத்தன் டைப் அடிப்பான், பக்கத்துல உக்காந்தவன் 'அங்க திரும்பு, இங்க பள்ளம்'னு சொல்லுவான். அடிக்கிறவனுக்கு டிரைவர்னு பேரு, சொல்றவனுக்கு நேவிகேட்டர்னு பேரு. எங்க டீம்ல இதை முதல்ல சொல்லிக் குடுத்தப்போ எனக்கு ஞாபகம் வந்தது இந்தத் தோள் மேல உக்காந்த படம்தான்.

சரி, கலம்பகத்துக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. கலம்பகத்துக்கு 18 உறுப்புன்னு இலக்கணம் சொல்லுது. புயவகுப்பு, மறம், அம்மானை, சித்து, களி, ஊசல்னு போற பட்டியல்ல கைக்கிளை, தூது, வண்டு, இரங்கல் எல்லாம் இருக்கு. ஒருதலைக் காதல், தலைவி தூது விடுறது, வண்டுகிட்டப் புலம்புறது, கடற்கரையில நின்னு அழுறது. சாமி மேல பாடின நூல்தான், ஆனா உள்ள பாதிச் சரக்கு காதல். இரட்டையர் கலம்பகத்துல கில்லாடிங்கன்னு பேர் வாங்கினவங்க. தில்லைக் கலம்பகமும் அவங்களுதுதான். காலம் 14ஆம் நூற்றாண்டுன்னு பொதுவா சொல்றாங்க.

இப்போ வெளியீடு. அந்தக் காலத்துல அச்சகமும் இல்ல, பதிப்பகமும் இல்ல. அரங்கேற்றம்தான் எல்லாம். எழுதினதை ஊர்ச் சபையில, படிச்சவங்க முன்னாடி பாடணும். கேள்வி கேப்பாங்க, குற்றம் சொல்லுவாங்க, பதில் சொல்லணும். அவங்க தலையை ஆட்டினாத்தான் நூல் 'வெளிவந்த' மாதிரி. திருவாமாத்தூர்ல இவங்க பாடும்போது, கோயில் பம்பை ஆத்தோட இன்ன கரையில இருக்குன்னு ஒரு பாட்டுல வந்துடுச்சாம். சபையில இருந்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க. 'கோயில் அந்தக் கரையில இல்லையே புலவரே, மறு கரையில இல்ல இருக்கு?' இவங்க பாட்டை மாத்த மாட்டோம்னுட்டாங்க. வாக்குல வந்தது வந்ததுதான்னு. அன்னிக்கு ராத்திரி பெருமழை. ஆறு திசை மாறி, கோயிலுக்கு அந்தப் பக்கமா ஓடிடுச்சாம். காலைல பார்த்தா பாட்டு சரி!

இது செவிவழிக் கதை, வரலாறு இல்ல. ஆனா ஒரு விசயம் கவனிங்க. பாட்டுல பிழைன்னு சொன்னப்போ, 'அந்த வரி அவன் எழுதினது, நான் இல்ல'ன்னு ரெண்டு பேர்ல ஒருத்தர்கூடச் சொல்லலை. கதையிலயும் எந்தச் சூரியர் எந்த வரி பாடினார்னு பிரிக்கலை. ஆறு மாறினா மாறட்டும், ஆசிரியர் பிரிய மாட்டார். இன்னிக்கு வரைக்கும் புத்தகத்துல 'இரட்டையர்'னுதான் போடுறாங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கதை இருக்கு. தருமி கதை. காசு வேணும், பாட்டு வரலை, யாரோ எழுதிக் குடுக்கறாங்க, சபையில போய்த் தன் பாட்டுன்னு படிக்கிறார், மாட்டிக்கிறார். சினிமாவுல பார்த்துச் சிரிச்சிருக்கோம். ஆனா அந்தப் பாட்டு ஒரு காதல் பாட்டுங்கறதை மறந்துடுறோம். காதலி கூந்தல் மணத்தைப் பத்தி வண்டுகிட்ட விசாரிக்கிற பாட்டு. குறுந்தொகையில ரெண்டாவது பாட்டா இருக்கு. ஆசிரியர் பேரு என்னன்னு பாருங்க. இறையனார். தருமி பேரு இல்ல. மண்டபத்துல எழுதிக் குடுத்தவர் பேர்தான் நின்னுது. ஊருக்கு எழுதிக் குடுக்கறவங்க எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் அடிக்கிறதில்ல.

அடுத்து ஒரேயடியா 1920களுக்குத் தாவுறேன், ஏன்னா காதல் நாவல்னு நாம இன்னிக்குச் சொல்ற சமாச்சாரம் அச்சுக்கு வந்தது அந்தக் காலத்துலதான். வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901ல பிறந்தவங்க. அஞ்சு வயசு தாண்டினதுமே கல்யாணம் ஆயிடுச்சு. பள்ளிக்கூடம் போகலை. ஆனா கதை சொல்றதுல மகா கெட்டி. அக்கம்பக்கத்துக் குழந்தைங்க எல்லாம் சுத்தி உக்காந்து கேக்குமாம். நாடகம் பார்க்கப் போவாங்க, வந்ததும் மனசுல புதுசா ஒண்ணு ஓடும். மனசுல ஓடுறது சரி, தாள்ல எப்படி ஏறும்? சரளமா எழுத வராதே.

இங்கதான் பட்டம்மாள் வர்றாங்க. கோதைநாயகியோட தோழி. இவங்க சொல்லச் சொல்ல அவங்க எழுதினாங்க. அப்படி உருவானதுதான் 'இந்திரமோகனா' நாடகம். 1924ல அச்சாச்சு. ஆசிரியர் வை.மு.கோதைநாயகி. அப்புறம் எழுதவும் பழகிக்கிட்டாங்க. 'வைதேகி' நாவல் வந்துது. அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. மொத்தம் 115 நாவல்!

வெளியீட்டுச் சிக்கலை இந்தம்மா தீர்த்த விதம் இருக்கே, அது தனிப் பதிவுக்கு உரியது. பத்திரிகைக்காரங்க போடுவாங்களா மாட்டாங்களான்னு வாசல்ல நிக்கிற வேலையே இல்ல. 1925ல நின்னு போயிருந்த 'ஜகன்மோகினி'ங்கற பத்திரிகையையே எடுத்து நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. அதுலயே தொடர்கதை, அதையே பிறகு புத்தகம். நடுவுல சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்கும் போய்ட்டு வந்தாங்க. 1960ல அவங்க காலமாகிற வரைக்கும் பத்திரிகையோட பேரும் அவங்க பேரும் ஒண்ணாவே இருந்துது. இன்னிக்கு அமேசான்ல நாமளே நம்ம புத்தகத்தை ஏத்திட்டு 'சுயபதிப்பு'ன்னு பெருமை அடிச்சுக்கறோம். அவங்க நூறு வருசத்துக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க, அதுவும் கரண்ட் இல்லாத வீடுகளுக்குத் தபால்ல அனுப்பி.

எனக்கு மண்டையைக் குடையறது பட்டம்மாள்தான். சொல்றவங்க வேகத்துக்கு எழுதணும். எங்க புள்ளி வைக்கிறது, எங்க பத்தி பிரிக்கிறது, 'இந்த வார்த்தையா அந்த வார்த்தையா'ன்னு கேக்கறது, 'இப்போதானே அவ அழுதா, மறுபடி அழணுமா'ன்னு இழுக்கறது. இதெல்லாம் நடந்திருக்காதா? சொல்லச் சொல்ல எழுதற எவளும் எவனும் வெறும் பேனா இல்லங்க. ஆனா கோதைநாயகி வாழ்க்கைக் கதையில ஒரு வரி, ரெண்டு வரியாத்தான் பட்டம்மாள் வர்றாங்க. புத்தகத்துக்கு ஆசிரியர்னு சொல்றப்போ வர்றதில்ல. கோதைநாயகி மேல தப்பு சொல்லலை. கதை அவங்களோடது. 115 நாவலையும் பட்டம்மாள் எழுதலை. ஆனாலும்.

இந்த 'ஆனாலும்' ஏன்னா, என் கதையும் இப்போ அதுதான்.

நான் திண்டிவனம். கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் விழுப்புரம். நடுவுல நாப்பது கிலோமீட்டர், ஒரு விக்கிரவாண்டி. இஞ்சினியரிங் முடிச்சு ஆளுக்கொரு கம்பெனில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கோம். ரெண்டு வீட்டுலயும் அம்மாக்கள் மாத நாவல் பைத்தியம். எங்க வீட்டுல பரண் மேல அட்டை கிழிஞ்ச ரமணிசந்திரன் ஒரு மூட்டை இருந்துது. அவங்க வீட்டுல வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழிச்சு ஊசி நூல் போட்டுத் தைச்சு, கெட்டி அட்டை ஒட்டி பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க. நடுநடுவுல அந்த வாரத்துத் தையல் மெஷின் விளம்பரமும் சேர்ந்து பைண்டு ஆகியிருக்கும். லீவுல ரெண்டு பேரும் இதைத்தான் மாத்தி மாத்திப் படிச்சோம். வெளிய சொல்லலை, பசங்க ஓட்டுவாங்கன்னு :)

ஒன்றரை வருசமா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காதல் நாவல் எழுதறோம். அவனுக்கு எழுத உக்காந்தா வராது, போன்ல சொன்னா மடை திறந்த மாதிரி வரும். ராத்திரி பத்தரைக்கு மேல அவன் சொல்லுவான், நான் டைப் அடிப்பேன். அடிக்கும்போதே மாத்துவேன். மறுநாள் அவன் படிச்சுட்டு 'டேய், இவ இப்படிப் பேச மாட்டாடா'ன்னு சண்டைக்கு வருவான். கதாநாயகி விழுப்புரம் ரயில்வே காலனிப் பொண்ணு, அதனால அவ விசயத்துல அவன்தான் அத்தாரிட்டி. நாயகன் திண்டிவனத்துக்காரன், அவன் என் கைல. 18 அத்தியாயம் முடிஞ்சுது. கலம்பகத்துக்கும் 18 உறுப்பு, சகுனம் நல்லாத்தான் இருக்குன்னு மாத நாவல் போடற ஒருத்தர்கிட்ட அனுப்பினோம். படிச்சுட்டுக் கூப்பிட்டார். கதை பரவால்லைன்னார். அடுத்து சொன்னார் பாருங்க: 'ஒரு பேரு போதும் தம்பி. அதுவும் லேடீஸ் பேரா வச்சிடுங்க. ரெண்டு ஆம்பளைப் பசங்க லவ் ஸ்டோரி எழுதினா எந்த வீட்டுல வாங்குவாங்க?'

அந்த போனுக்கு அப்புறம்தான் இந்த வரலாறெல்லாம் தேட ஆரம்பிச்சேன்.

அவர் சொன்னதுல ஒரு உண்மை இருக்கு. தமிழ்ல பெண் பேர்ல ஆண்கள் எழுதறது புதுசு இல்ல. சுஜாதா, ரங்கராஜனோட மனைவி பேரு. கிரைம் எழுதின புஷ்பா தங்கதுரைதான் வேணுகோபாலன், அதாவது 'திருவரங்கன் உலா' எழுதின ஸ்ரீவேணுகோபாலன். ஆனா இவங்கல்லாம் ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு. எங்க பிரச்சனை ரெண்டு ஆளுக்கு ஒரு பேரு.

அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு விடை இருக்கு. சுபா!

சுபாங்கறது பெண் பேரு மாதிரி இருந்தாலும் சுரேஷ் பாதி, பாலகிருஷ்ணன் பாதி. எண்பதுகள்லேர்ந்து சேர்ந்தே எழுதறாங்க. நரேந்திரன், வைஜயந்தி, ராம்தாஸ், ஈகிள்ஸ் ஐ துப்பறியும் நிறுவனம்னு சொன்னா நம்மாளுங்களுக்கு உடனே பளிச்னு எரியும். கிரைம்தான், ஆனா எங்க வீட்டுல எல்லாம் கொலைகாரன் யாருங்கறதை விட நரேனும் வைஜும் இந்த மாசம் எப்படிச் சண்டை போட்டுக்கறாங்கன்னு பார்க்கத்தான் முதல்ல புரட்டுவாங்க. ராஜேஷ்குமார்கிட்ட விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகர்கிட்ட பரத் - சுசீலா. அந்த வரிசையில நரேன் - வைஜ் சீண்டலுக்குன்னு ஒரு தனி ருசி. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒருத்தர் பேசி இன்னொருத்தர் வெட்டிப் பேசற பழக்கம் எழுதறவங்க ரெண்டு பேருக்கும் இருந்ததாலதான் அந்த வசனம் அப்படி வந்துதோ? நிரூபிக்க முடியாது. ஆனா நானும் அவனும் அடிச்சுக்கிட்டு எழுதின பக்கங்கள்தான் எங்க நாவல்லயே படிக்கிற மாதிரி இருக்கு.

அந்த மாத நாவல் தொழிலை நினைச்சுப் பாருங்க. நியூஸ்பிரிண்ட் தாள், நடுவுல ரெண்டு பின், பளபளன்னு அட்டை. மாசம் பிறந்தா கடையில தொங்கணும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல கயித்துல கிளிப் போட்டு வரிசையாத் தொங்கும். விழுப்புரம் ஜங்ஷன் மெட்ராஸ், திருச்சி, பாண்டிச்சேரி, காட்பாடின்னு நாலாபக்கமும் பிரியற இடமாச்சே. வண்டி மாறக் காத்திருக்கிற நேரத்துக்குன்னே அளவு எடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும் அந்த நாவல். மெட்ராஸ்ல ஏறினவன் செங்கல்பட்டுல கதாநாயகியைப் பார்த்து, மேல்மருவத்தூர்ல சண்டை போட்டு, விழுப்புரத்துல சமாதானம் ஆகிடுவான். இந்த வேகத்துக்கு மாசாமாசம் எழுதணும்னா ஒரு கை போதுமா? ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்னொருத்தர் முடிச்சாகணும். பத்திரிகை யாருக்காகவும் நிக்காது.

புத்தகமாகிற பாதையும் இதுலேர்ந்துதான். முதல்ல வாரப் பத்திரிகையில சிறுகதை. பேரு கொஞ்சம் பழகினதும் தொடர்கதை, இல்லைன்னா மாத நாவல். அதுக்கப்புறம்தான் கெட்டி அட்டைப் புத்தகம். அதுல பெரும்பகுதி வாடகை நூலகத்துக்குப் போகும், ஒரு பகுதி அரசு நூலகத்துக்குப் போகும். ரமணிசந்திரன் நாவல் எல்லாம் அருணோதயம் வெளியீடா அடுக்கடுக்கா வந்து, லெண்டிங் லைப்ரரியில கை மாறி மாறி அட்டை நைஞ்சு போனது உங்களுக்கே தெரியும். பதிப்பாளரைத் தேடிப் போறது கடைசிப் படி. வாசகரைத் தேடிப் பிடிக்கிறதுதான் முதல் படி.

சுபாவுக்கு இன்னும் ஒரு படி கூட. அவங்க நாவல்களுக்கு அட்டைப்படம் எடுத்த போட்டோகிராபர் ஒருத்தர் ஒளிப்பதிவாளராகி, பிறகு டைரக்டர் ஆனார். கே.வி.ஆனந்த். 2005ல 'கனா கண்டேன்', 2009ல 'அயன்', 2011ல 'கோ', 2012ல 'மாற்றான்'னு எல்லாத்துலயும் அவரோட சுபா இருந்தாங்க. ஒட்டிப் பிறந்த இரட்டையர் கதைக்கு இவங்களை விட்டா வேற யாரு :) ஆனந்த் 2021ல காலமாகிட்டார். அட்டைப்படம் எடுக்க வந்த நட்பு அத்தனை வருசம் நின்னுது. 2008ல பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சக எழுத்தை இங்கிலீஷ்ல தொகுத்தப்போ சுபாவும் அதுல வந்தாங்க, ரமணிசந்திரனும் வந்தாங்க. பிரீதம் சக்கரவர்த்தி மொழிபெயர்ப்பு. பஸ் ஸ்டாண்டுல தொங்கினது ஏர்போர்ட் கடைக்குப் போச்சு.

வெளிநாட்டுலயும் இதே கூத்துதான். அமெரிக்காவுல ஃபிரெட்ரிக் டானே, மான்ஃபிரட் லீன்னு ரெண்டு ஒண்ணுவிட்ட சகோதரர்கள். 1928ல ஒரு பத்திரிகை 7500 டாலர் பரிசுன்னு நாவல் போட்டி வச்சுது. சேர்ந்து எழுதி அனுப்பினாங்க. ஜெயிச்சாச்சுன்னு சேதியும் வந்துது. அதுக்குள்ள பத்திரிகை கை மாறி, புது முதலாளி பரிசை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டார்! நல்லவேளை, 1929ல ஒரு பதிப்பகம் நாவலைப் போட்டுது. அதுதான் எல்லரி குவீன். ரொம்ப நாள் யாருன்னே காட்டிக்கலை, முகமூடி போட்டுக்கிட்டு மேடை ஏறினாங்க. டானே கதைப்பின்னல் போடுவார், லீ எழுதுவார். வெளிய ஒரே பேரு, உள்ள நடந்த சண்டை எல்லாம் அவங்க கடிதங்கள்ல இருக்கு, 2012ல புத்தகமாவே வந்துடுச்சு.

அது துப்பறியும் கதை. காதல்னா டாம் கர்ட்டிஸ், ஷாரன் கர்ட்டிஸ்னு ஒரு தம்பதி. கணவர் லாரி டிரைவர். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின 'தி விண்ட்ஃபிளவர்' 1984ல வந்தப்போ அட்டையில லாரா லண்டன்னு ஒரு பெண் பேரு. நம்ம மாத நாவல்காரர் சொன்ன அதே கணக்கு! ஆனா கிறிஸ்டினா ஹாப்ஸ், லாரன் பில்லிங்ஸ்னு ரெண்டு தோழிகள், ரசிகர்கள் எழுதற கதைகள் வழியா 2009ல பழக்கமானவங்க, 2013ல முதல் நாவல் போட்டப்போ கிறிஸ்டினா லாரன்னு வச்சுக்கிட்டாங்க. சுரேஷ் - பாலா சூத்திரம்தான்.

ஆக வழி மூணு. இரட்டையர் மாதிரி 'நாங்க ரெண்டு பேர்'னு வெளிப்படையா நிக்கிறது. சுபா மாதிரி ரெண்டு பேரையும் ஒரு பேருக்குள்ள அடக்கறது. லாரா லண்டன் மாதிரி ரெண்டு பேரும் சேர்ந்து மறைஞ்சுக்கறது. நாலாவதா ஒண்ணு இருக்கு, அதுதான் அதிகம் நடக்குது. ஒருத்தர் பேரு அட்டையில, இன்னொருத்தர் பேரு எங்கயும் இல்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். 1957ஆம் வருசத்துக் காப்புரிமைச் சட்டத்துல கூட்டுப் படைப்புக்கு ஒரு விளக்கம் இருக்கு. ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து பண்ணினது, ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் பங்கிலேர்ந்து தனியாப் பிரிக்க முடியாம இருக்கணும். அதாவது முதுசூரியர் எங்க முடிச்சார், இளஞ்சூரியர் எங்க ஆரம்பிச்சார்னு கோடு போட முடியாத மாதிரி. உரிமை எத்தனை காலம்? கடைசியா இறக்கறவர் காலத்துக்கு அப்புறம் 60 வருசம். முதல்ல போறவரோட பங்கும் நண்பனோட ஆயுசைப் பிடிச்சுக்கிட்டு ஓடுது. சட்டப் புத்தகத்துல இப்படி ஒரு அழகு இருக்கும்னு நினைக்கலை. ஆனா வெறுமனே சொன்னதைச் சொன்னபடி எழுதிக் குடுத்தவங்களுக்கு இதுல இடம் கிடையாது. பட்டம்மாள் கேஸ் போட்டிருந்தாலும் நின்னிருக்காதுன்னுதான் படுது. அதுக்குத்தான் முன்கூட்டியே பேசி வச்சுக்கணும்.

நாங்க பேசிட்டோம். ஒரு வெள்ளைத் தாள்ல நாலே நாலு வரி. ஒண்ணு, எந்தப் பதிப்பு வந்தாலும் ரெண்டு பேரும் இருக்கணும். ரெண்டு, வர்ற காசு சரிபாதி, யாரு எத்தனை பக்கம்னு எண்ணக் கூடாது. மூணு, வேற மொழிக்கோ சினிமாவுக்கோ குடுக்கணும்னா ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும். நாலு, ஒருத்தன் பாதியில விலகினாலும் அதுவரைக்கும் எழுதினதுல அவன் பேரு போகாது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு காப்பி. சேர்ந்து எழுதற ஐடியா உங்கள்ல யாருக்காவது இருந்தா, ஒண்ணாவது அத்தியாயத்துக்கு முன்னாடியே இதைப் பண்ணிடுங்க. நல்லா பழகிட்டு இருக்கும்போதுதான் இதைப் பேச முடியும். பணமோ கசப்போ வந்தப்புறம் வாய் வராது.

மாத நாவல்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லியாச்சு. அவர் மேல கோபமில்ல, அவர் வியாபாரம் அவருக்கு. பொண்ணு பேர்ல போட்டிருந்தா எங்க அம்மா கடையிலயே வாங்கியிருப்பாங்க, அதுவும் தெரியும். கிண்டில்ல ஏத்தும்போது ஆசிரியர்னு ஒண்ணுக்கு மேல பேர் சேர்க்க வசதி இருக்கு. ஐஎஸ்பிஎன் நம்ம நாட்டுல இலவசம். சின்னப் பதிப்பகம் ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டு இருக்கோம். ரெண்டு பேரையும் ஒட்டவச்சு ஒரு புனைபேர் வைக்கலாமான்னு முயற்சி பண்ணினோம். வந்த பேரு இருமல் மருந்து மாதிரி இருந்துது. அதனால நேரா ரெண்டு பேரும், நடுவுல ஒரு கமா. பேர் வரிசை அகரவரிசைப்படி. அதுல அவன் முதல்ல வர்றான், வரட்டும்.

திருவாமாத்தூர்ல ஆறு திசை மாறினதை நான் நம்பறேனோ இல்லையோ, பிழை சொன்னப்போ ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டாம நின்னாங்கங்கறதை நம்ப ஆசைப்படறேன். பட்டம்மாள் எழுதின அந்தக் கைப்பிரதி எங்கயாவது ஒரு பழைய டிரங்குப் பெட்டியில இருந்தா, ஓரத்துல அவங்க ஏதாவது திருத்தியிருக்காங்களான்னு பார்க்கவும் ஆசை.

டிஸ்கி: இதுல தப்பு ஏதாவது இருந்தா அது என் நண்பன் எழுதின வரி. சும்மா சொன்னேன், இந்தப் பதிவு முழுக்க நானேதான் :)